ஆனைவலசையில் கிராஸிங்

பாசஞ்சர் ஆனைவலசை ஜங்ஷனில் வந்து நின்றதும் தவசி எழுந்துவிட்டான். "அக்கா, கிராஸிங்," என்றான், அவளுக்குத் தெரியாத செய்தியைச் சொல்கிறவன் மாதிரி. மாதா மாதம் இதே வண்டி, இதே ஜன்னலோரம், இதே சொல். எதிரே வரும் எக்ஸ்பிரஸுக்கு வழிவிட்டு இந்த வண்டி இரண்டாம் பிளாட்பாரத்தில் ஒதுங்கி நிற்கும். எக்ஸ்பிரஸ் நிற்காமல் ஒன்றாம் பிளாட்பாரத்தை உரசிக்கொண்டு போகும். அதைப் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும் அவனுக்கு. பவளக்கொடி எப்போதும் சொல்வதையே சொன்னாள். "பாலத்து மேல ஏறிப் போ. மஞ்சக் கோட்டத் தாண்டாத." அவன் தலையை ஆட்டிவிட்டு, நாற்பதை நெருங்கிக்கொண்டிருக்கும் அந்தப் பெரிய உடம்பைக் கதவில் பக்கவாட்டாகத் திருப்பி இறங்கிப் போனான். இன்றைக்கு வேண்டாம்டா, உட்காரு என்று சொல்லியிருக்கலாம். நாக்கு நுனிவரை வந்தது. ஆனால் இன்றைக்குத்தான் அதைச் சொல்ல முடியாது. இன்றைக்கு மட்டும் ஏன் என்று கேட்டுவிட்டால்? கேட்கமாட்டான். அவன் எதையும் கேட்கமாட்டான், அதுதான். கேட்கிறவனாக இருந்தால் ஏதாவது பதில் சொல்லியிருக்கலாம், கத்தியிருக்கலாம், அழுது தீர்த்திருக்கலாம். காலையில் ஒன்றே ஒன்று கேட்டான். "எதுக்குக்கா எல்லாச் சட்டையும்?" பையின் ஜிப்பை இழுத்துக்கொண்டிருந்தவள் நிமிராமலே "துவைக்கப் போட" என்றாள். ஆஸ்பத்திரிக்கு மாத்திரை வாங்கப் போகிறவள் துவைத்து மடித்த சட்டைகளை எதற்குத் துவைக்க எடுத்துப் போகிறாள்? யாரும் சிரிப்பார்கள். அவன் சிரிக்கவில்லை. சரி என்றான். சரி என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் போய் நின்றான், ரயிலுக்கு நேரமாகிவிட்டது என்று.

பை காலில் இடித்தது. சீட்டுக்கு அடியில் முழுதும் போகாமல் கொஞ்சம் வெளியே துருத்திக்கொண்டு நின்றது. இவ்வளவு பெரிய பை எதற்கு என்று ஊர் ஸ்டேஷனிலேயே ஒருத்தி கேட்டுவிட்டாள். சொந்தக்காரர் வீட்டுக்கு என்று சொல்லிச் சமாளித்தாள். துவைக்கப் போட, சொந்தக்காரர் வீட்டுக்கு, மாத்திரை வாங்க. ஒரு பைக்கு மூன்று பொய். குணசீலன்தான் இந்தப் பையை வாங்கிக் கொடுத்தார். மருதங்குடி ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கும் ஜன்னலுக்கு உள்ளே உட்கார்ந்திருப்பவர். பெண்சாதி இறந்து பல வருடம். ஆரம்பத்தில் மாத்திரையை எப்போது கொடுக்க வேண்டும் என்று மட்டும் சொல்லுவார். பிறகு, சாப்பிட்டீங்களா என்று கேட்க ஆரம்பித்தார். தவசியைக் கேட்கிறாராக்கும் என்று நினைத்து, "அவன் சாப்பிட்டான்" என்றாள். "நான் உங்களக் கேட்டேன்," என்றார். வரிசையில் பின்னால் நின்றவர்கள் முணுமுணுக்க, சேலை முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு நகர்ந்தாள். வீடு வந்து சேரும்வரை அந்தச் சின்ன வாக்கியம் வயிற்றுக்குள் சூடாக இருந்தது. அவளை யாரும் சாப்பிட்டாயா என்று கேட்டு எத்தனை காலம். பள்ளிக்கூடச் சத்துணவுக்கூடத்தில் நூறு பிள்ளைக்குச் சமைக்கிறவளை யார் கேட்பார்கள்? இப்போது அவர் மருதங்குடி ஸ்டேஷன் வாசலில் வேன் பேசி நிறுத்திக்கொண்டு நின்றிருப்பார். அங்கிருந்து நேரே, தவசி மாதிரி ஆட்களை வைத்துப் பார்த்துக்கொள்கிற இல்லத்துக்கு. அவனை அங்கே சேர்த்துவிட்டு, அடுத்த முகூர்த்தத்தில் கோயிலில் வைத்துத் தாலி. அவர் கட்டாயப்படுத்தவில்லை. அதையும் நினைத்துப் பார்த்துவிட்டாள். ஒரு தடவைகூட அவனை விட்டுவிடு என்று சொல்லவில்லை. "என் வீடு சின்னது, என்னால அவரையும் வச்சுப் பாத்துக்க முடியும்னு பொய் சொல்ல மாட்டேன். பக்கத்துலயே இல்லம் இருக்கு. வாரா வாரம் போய்ப் பாக்கலாம்," என்றார். பொய் சொல்லாத மனிதர். அவருக்காகத்தான் இவள் காலையிலிருந்து பொய்யாகச் சொல்லிக்கொண்டு வருகிறாள்.

எதிர் சீட்டில் கருவாட்டுக் கூடைக்காரம்மா கால் நீட்டி உட்கார்ந்து வெற்றிலைக் காம்பைக் கிள்ளிக்கொண்டிருந்தாள். பெட்டி முழுக்கக் கருவாட்டு வாசம், அதோடு பால்கேன் வாசம், யாரோ ஒரு கல்லூரிப் பெண் தலையில் வைத்திருந்த மல்லிகை. ஸ்டேஷனுக்கு வெளியே மினிபஸ்கள் வாயைத் திறந்துகொண்டு நின்றன. பாசஞ்சர் வராமல் அவை கிளம்பாது. சுற்றுப்பட்டு ஊர்க்காரர்கள் எல்லாம் இங்கே இறங்கித்தான் அதில் ஏற வேண்டும், அந்த ஊர்களிலிருந்து வருகிறவர்கள் அதிலிருந்து இறங்கித்தான் இதில் ஏற வேண்டும். பள்ளிக்கூடத்துக்கு, சந்தைக்கு, பிரசவத்துக்கு, சாவுக்கு. எல்லாருக்கும் இங்கிருந்து ஏதோ ஒரு பக்கம் போக வழி இருக்கிறது. அவளுக்கு மட்டும் இந்த ஒரு வண்டிதான். பஸ்ஸில் நெரிசல் கூடினால் தவசி தலையைக் கம்பியில் மோதிக்கொள்வான். ஒருமுறை நெற்றி உடைந்து ரத்தம் வழிய, ஓட்டுநர் பாதி வழியில் இறக்கிவிட்டுவிட்டார். ரயிலில் மட்டும் சமர்த்து. அதனால் தம்பியோடு அவள் போகக் கூடிய உலகம் இந்தத் தண்டவாளம் போகிற தூரம்தான், அதன் அகலம்தான். அவனை விட்டுவிட்டுப் போகவும் முடியாது. ஒரு நாள் தாழ்ப்பாளைத் திறந்துகொண்டு வெளியே போய், ரோட்டு நடுவில் லாரிகளுக்கு எதிரே நடந்துகொண்டிருந்தவனை யாரோ கூட்டி வந்தார்கள். அன்றிலிருந்து கதவில் மணி கட்டியிருக்கிறாள். மணி அடிக்காத நாளிலும் தூக்கத்தில் அவளுக்கு மணி கேட்கும். எழுந்து போய்ப் பார்ப்பாள், அவன் வாய் திறந்து தூங்கிக்கொண்டிருப்பான். நின்று பார்ப்பாள். அந்த முகத்தைப் பார்த்து எத்தனையோ தடவை நினைத்திருக்கிறாள், ஆமாம் நினைத்திருக்கிறாள், என்ன நினைத்தாள் என்பதை மட்டும் நினைக்கக் கூடாது.

அம்மா சத்தியம் கேட்கவில்லை. ஊரில் எல்லாரும் கேட்டிருப்பாள் என்றுதான் நம்புகிறார்கள், சாகும்போது கையைப் பிடித்து, தம்பியை விட்டுவிடாதே என்று. கேட்கவே இல்லை. கடைசிவரை புத்தி தெளிவாக இருந்தது, கஞ்சி வேண்டும் என்றாள், காற்று வரட்டும், ஜன்னலைத் திற என்றாள், தவசியைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. கேட்டிருந்தால் முடியாது என்று சொல்லியிருக்கலாம். சொல்ல முடியாமல் சரி என்றிருந்தாலும் பிறகு மீறியிருக்கலாம். கொடுக்காத வாக்கை எப்படி மீறுவது? கேட்காமல் விட்டுவிட்டுப் போனாளே, அதில்தான் இவள் மாட்டிக்கொண்டாள். சுவர் இருந்தால் முட்டி உடைக்கலாம். இது எந்தப் பக்கம் திரும்பினாலும் வெறும் வெளியாக இருக்கிறது, அதில் ஓர் அடி நகர முடியவில்லை. இல்லத்தைப் போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். சுத்தமாகத்தான் இருந்தது. கொல்லைச் சுவரைப் பார்த்த வராந்தாவில் ஆண்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். இவள் நடந்து போனபோது ஒருவரும் தலையைத் தூக்கிப் பார்க்கவில்லை. பொறுப்பாளர் அம்மா நல்ல மாதிரி, கனிவாகத்தான் பேசினாள். "தம்பிக்கு என்னம்மா பிடிக்கும்?" என்று கேட்டாள். "ரயில்," என்றாள் இவள். அந்தம்மா கொஞ்சம் யோசித்து, "டி.வி. இருக்கு," என்றாள். டி.வி. இருக்கு, டி.வி. இருக்கு. திரும்பி வரும்போது ரயில் சக்கரம் அதையே சொல்லிக்கொண்டு வந்தது. பரவாயில்லை, டி.வி.யில் ரயில் காட்டமாட்டார்களா? காட்டுவார்கள். எப்போதாவது.

"ஒந்தம்பி அந்தா நிக்கிறான் தாயி," என்றாள் கருவாட்டுக்காரம்மா, கேட்காமலே. ஜன்னல் கம்பிக்கு அப்பால், இரண்டு தண்டவாளங்களுக்கு அப்பால், ஒன்றாம் பிளாட்பாரத்தில் தவசி நின்றான். கையில் பச்சைக்கொடியோடு நிற்கும் ரயில்வே ஆளுக்குப் பக்கத்தில், அவரைப் போலவே நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு. அந்த ஸ்டேஷனில் எல்லாருக்கும் அவனைத் தெரியும். டீக்கடைக்காரர் "வாய்யா ஸ்டேஷன் மாஸ்டரு" என்று கூப்பிடுவார், அவனும் வெட்கப்படுவான். ஊரில் அவனைப் பார்த்தால் பெண்பிள்ளைகளை வீட்டுக்குள் கூப்பிட்டுக்கொள்கிறவர்கள் உண்டு. இங்கே அவன் பாட்டுக்கு ஓர் ஆளாக நிற்கிறான். தூரத்தில் எக்ஸ்பிரஸின் ஊளை கேட்டது. தண்டவாளம் முதலில் முனகியது, பிறகு பெட்டியின் அடியிலிருந்து ஓர் அதிர்வு ஏறி உள்ளங்காலைத் தொட்டது. தவசி ஓர் அடி முன்னால் வந்தான். மஞ்சள் கோடு அவன் கால் விரலுக்குக் கீழே. இன்னும் ஓர் அடி வைத்தால், என்று நினைத்தாள். பதறி நினைக்கவில்லை. அதுதான். அடுப்பில் பால் பொங்கப் போகிறது என்று எட்டிப் பார்ப்பதுபோல அமைதியாக, ஓர் அடி, அவ்வளவுதான், யார் குற்றமும் இல்லை, யாரும் அவளைக் கேட்கமாட்டார்கள், அவளே கேட்டுக்கொள்ள வேண்டாம் என்று நினைத்தாள். நினைத்து முடித்த பிறகுதான் உடம்பு தூக்கிப் போட்டது. "டேய்!" என்று கத்தினாள். எக்ஸ்பிரஸ் வந்துவிட்டது. அவள் கத்தியது அவளுக்கே கேட்கவில்லை. பெட்டிகள், பெட்டிகள், கம்பியும் கண்ணாடியும் முகங்களும், இடைவெளிகளில் துண்டு துண்டாகத் தெரிந்த பிளாட்பாரம், கொடி பிடித்த ஆள், தூண், மறுபடி பெட்டி, தூண், தவசி இருந்த இடம், அங்கே யார், ஒன்றும் தெரியவில்லை, புழுதி. சேலைத் தலைப்பை வாய்க்குள் திணித்துக் கடித்துக்கொண்டிருந்தாள். முருகா முருகா என்று ஒரு குரல் சொல்லிக்கொண்டிருந்தது, அது தன்னுடையதுதானா, காப்பாற்று என்கிறதா, வேறு எதையாவது கேட்கிறதா என்று அவளுக்கு நிச்சயமில்லை.

வண்டி போய்விட்டது. பிளாட்பாரம் வெறிச்சென்று வெயிலில் கிடந்தது. கொடிக்காரர் கொடியைச் சுருட்டிக்கொண்டு உள்ளே நடந்தார், சாதாரணமாக. அவர் சாதாரணமாக நடக்கிறார் என்றால் ஒன்றும் ஆகவில்லை. ஒன்றும் ஆகவில்லை. தவசி எங்கே? பாலத்தில் இல்லை. டீக்கடையில் இல்லை. எக்ஸ்பிரஸ் போனதும் பாலம் ஏறி ஓடி வந்துவிடுவான் எப்போதும், மூச்சு வாங்க வந்து, "பயங்கர ஸ்பீடுக்கா" என்பான். இன்றைக்குக் காணோம். இவள் வண்டிக்கும் சிக்னல் விழுந்திருக்க வேண்டும், இன்ஜின் ஹாரன் அடித்தது. "எந்திரி தாயி, போய்க் கூப்பிடு, வண்டி எடுக்கப் போறான்," என்றாள் கருவாட்டுக்காரம்மா. எழுந்திருக்கத்தான் வேண்டும். பவளக்கொடி எழுந்திருக்கவில்லை. இப்படியே இந்த வண்டி கிளம்பிவிட்டால், அவள் எதுவும் செய்ததாக ஆகாது. வண்டிதான் கிளம்பியது. இங்கே அவனைத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள், உட்கார வைத்து டீ வாங்கித் தருவார்கள், அவன் இன்னும் ரயில் பார்ப்பான், பிறகு போலீஸ் வரும், பிறகு, பிறகு என்ன, அவன் சட்டைக் காலருக்கு உள்பக்கம் அவளுடைய போன் நம்பரை அவளே நூலில் தைத்து வைத்திருக்கிறாள். போன் அடிக்கும். எடுக்காமல் இருக்கலாம். குணசீலன் வீட்டுச் சமையலறையில் நின்றுகொண்டு போன் அடிப்பதைக் கேட்டுக்கொண்டிருக்கலாம். எத்தனை நாள் அடிக்கும்? அவன் இருட்டியதும் அழ ஆரம்பிப்பான். அக்கா என்று கூப்பிட மாட்டான், வெறும் சத்தமாக அழுவான், ஏன் அழுகிறான் என்று அவளுக்கு மட்டும்தான் புரியும். எழுந்திரு. இதோ எழுந்திருக்கிறேன். வண்டி குலுங்கியது. எழுந்திரு. எழுந்திருக்கிறேன். ஜன்னலில் வேப்பமரம் நகர்ந்தது, தண்ணீர்க்குழாய் ஒன்று நகர்ந்து வந்தது, அந்தக் குழாயடியில், எதிர்ப் பிளாட்பாரத்தில், இந்தப் பக்கம் முதுகைக் காட்டிக்கொண்டு தவசி குனிந்து முகம் கழுவிக்கொண்டிருந்தான். புழுதி கண்ணில் விழுந்திருக்கும். கண்ணில் விழுந்தால் கசக்கக் கூடாது, கழுவ வேண்டும் என்று நிதானமாக, இரண்டு கையிலும் தண்ணீரை ஏந்தி ஏந்தி, தன்னை விட்டுவிட்டு வண்டி ஒன்று போகும் என்பதே தெரியாத முதுகு.

எப்படிக் கதவுக்கு வந்தாள் என்று தெரியாது. குதிக்கும்போது எந்தக் காலை முதலில் வைக்க வேண்டும் என்று யாரோ எப்போதோ சொன்னது ஞாபகம் வந்து, அந்த யோசனையிலேயே தப்பான காலை வைத்தாள். பிளாட்பாரம் மேலே வந்து முட்டியில் அடித்தது. உள்ளங்கை இரண்டும் எரிந்தன. "அடிப்பாவி மகளே, செத்திருப்பியே!" என்று கருவாட்டுக்காரம்மா கத்துவது கேட்டது, அதற்குப் பின்னாலேயே கறுப்புப் பை வாசல் வழியாகப் பறந்து வந்து விழுந்தது. ஜிப் தெறித்தது. மடித்த சட்டைகள் ஒவ்வொன்றாகச் சரிந்து, ஓடுகிற வண்டியின் காற்றில் புரண்டன. கடைசிப் பெட்டி போய் முடிந்ததும் திடீரென்று அவ்வளவு வெளிச்சம். இரண்டு வெற்றுத் தண்டவாளங்களுக்கு அந்தப் பக்கம் தவசி முகத்தில் தண்ணீர் சொட்டச் சொட்ட நின்றான். வண்டி இல்லாத இடத்தைப் பார்த்தான். தரையில் உட்கார்ந்திருந்த அக்காவைப் பார்த்தான். அப்படியே தண்டவாளத்தில் இறங்கக் காலைத் தூக்கினான். "இறங்காத! பாலத்துல ஏறி வாடா!" என்று அடித்தொண்டையிலிருந்து கத்தினாள். அவன் ஓடினான், அந்தப் பெரிய உடம்பு படிகளில் திம் திம்மென்று ஏறுவது கேட்டது. அவன் வந்து சேர்வதற்குள் எழுந்து நின்றுவிட வேண்டும் என்று நினைத்தாள், முடியவில்லை. அவனுக்கு முன்னால் அழுதுவிடக் கூடாது என்று நினைத்தாள், அழுகை வரவே இல்லை. வந்ததெல்லாம் கோபம்தான். முகம் கழுவ இதுதானா நேரம்? ஒரு நிமிஷம், ஒரே ஒரு நிமிஷம் இவன் இன்னும் கொஞ்சம் தள்ளி, கண்ணில் படாத இடத்தில் நின்றிருந்தால், இந்நேரம் அவள் போயிருப்பாள். போயிருப்பாளா? போயிருப்பாள். அதைத் தெரிந்துகொண்டதுதான் முட்டியைவிட எரிந்தது.

"வண்டி போயிருச்சேக்கா," என்றான் மூச்சிரைக்க. பிறகு தரையைப் பார்த்தான். "என் சட்டை." ஒவ்வொன்றாகப் பொறுக்கி, தூசியைத் தட்டி, கையில் அடுக்கிக்கொண்டான். "திருவிழாச் சட்டையும் எடுத்துட்டு வந்திருக்கியேக்கா. அது அழுக்கே இல்லையே." அவன் அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டே நின்றான். அந்தப் பார்வையில் ஏதாவது இருக்கிறதா, தெரிந்துகொண்டானா, எப்போதும் தெரிந்தேதான் இருந்தானா என்று தேடினாள். ஒன்றும் கண்டுபிடிக்க முடியவில்லை. முப்பது வருடத்துக்கு மேலாகத் தேடிக்கொண்டிருக்கிறாள். இரண்டு பேருமாகப் பையைக் கட்டி, பாலம் ஏறி, ஒன்றாம் பிளாட்பாரத்து சிமெண்ட் பெஞ்சில் வந்து உட்கார்ந்தார்கள். அவள் படிக்குப் படி நின்று நின்று வந்தாள், அவன் ஒரு கையில் பையையும் மறு கையில் அவள் முழங்கையையும் இறுக்கிப் பிடித்திருந்தான், வலிக்கிற அளவுக்கு. விடுடா என்று சொல்ல நினைத்து விட்டுவிட்டாள். பெஞ்சில் உட்கார்ந்த பிறகும் அவன் விடவில்லை. போன் அடித்தது. குணசீலன்.

"கிளம்பியாச்சுங்களா? நான் ஸ்டேஷன் வாசல்ல நிக்கிறேன்," என்றார்.

"ஆனைவலசையில வண்டிய விட்டுட்டோம்ங்க. கீழ விழுந்துட்டேன். முட்டியில அடி."

"ஐயையோ. ரொம்ப அடியா? தம்பி?"

"அவனுக்கு ஒண்ணுமில்ல."

"சரி, பதட்டப்படாதீங்க. அடுத்த வண்டியில வாங்க. எவ்வளவு நேரமானாலும் நிக்கிறேன்."

எவ்வளவு நேரமானாலும். அந்தக் குரலை அப்படியே காதுக்குள் வைத்து மூடிக்கொள்ள முடிந்தால் போதும் என்றிருந்தது. "அடுத்த வண்டி இல்லங்க," என்றாள். "இனிமே இன்னைக்கு மருதங்குடிக்கு வண்டியே இல்லையாம்." அவள் சொல்லி வாயை மூடவில்லை, தலைக்கு நேர் மேலே ஒலிபெருக்கி கரகரத்தது. பயணிகளின் கனிவான கவனத்திற்கு, மருதங்குடி செல்லும் பயணிகள் ரயில் இன்னும் சற்று நேரத்தில் முதலாவது நடைமேடைக்கு வந்து சேரும். ஒரு பெண்குரல் நிறுத்தி நிறுத்தி, ஒவ்வொரு எழுத்தும் தெளிவாக, இரண்டாம் முறையும் சொன்னது. பவளக்கொடி போனைக் கையால் பொத்தவில்லை. பொத்தியிருக்கலாம். அந்தக் குரல் பேசி முடிக்கும்வரை போனைக் காதிலேயே வைத்துக்கொண்டு, எதிரே தண்டவாளத்தில் நெளிகிற வெயிலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். போனுக்குள் ஏதோ ஆட்டோ ஹாரன் மட்டும் கேட்டது, மருதங்குடி ஆட்டோ.

"கேக்குதுங்க," என்றார் குணசீலன் கடைசியில். "முட்டியத் தண்ணி விட்டு நல்லாக் கழுவுங்க. மண்ணு உள்ள இருந்தா சீழ் வச்சிரும்." போனை வைத்துவிட்டார்.

கிளை வழியிலிருந்து அந்த வண்டி வளைந்து வந்து பெஞ்சுக்கு முன்னால் நின்றது. கதவுகள் எல்லாம் திறந்திருந்தன. சனங்கள் இறங்கினார்கள், ஏறினார்கள், மினிபஸ்காரர்கள் ஊர்ப் பெயர்களைக் கூவினார்கள். ஏறுவதற்கு இன்னும் நேரம் இருந்தது. ஒரு பெட்டி நேர் எதிரே, இரண்டு எட்டு வைத்தால் போதும், முட்டி வலியோடுகூட முடியும். முழங்கையில் தவசியின் பிடி தளரவில்லை.

"யாருக்கா போன்ல?"

"மாத்திரை குடுக்கிறவரு."

"திட்டுனாரா?"

"இல்லடா."

வண்டி கிளம்பியது. ஒவ்வொரு ஜன்னலாக அவள் முகத்தின் மேல் நிழலும் வெயிலுமாகப் போட்டுக்கொண்டே போனது. தவசி வழக்கம்போல இன்ஜின் போன திசைக்குக் கையைத் தூக்கி சல்யூட் வைத்தான். பவளக்கொடி கடைசிப் பெட்டி வளைவில் மறைகிறவரை பார்த்துக்கொண்டிருந்தாள்.

"திட்டியிருக்கலாம்," என்றாள்.